எண்கள் பலமாக இருந்தும் அணி ஏன் தோற்கிறது?

மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பைப் பருவம் தொடங்கினால் புதுச்சேரியிலும் கடலூரிலும் கிரிக்கெட் பார்ப்பவர்களிடையே ஒரு குழப்பம் தவறாமல் எழும். பட்டியலின் உச்சியில் நம் ஆள் இருக்கிறார், சராசரி ஐம்பதுக்கு மேல், பந்துவீச்சாளரும் விக்கெட்டுகளை அள்ளியிருக்கிறார். அப்படியிருந்தும் பெரிய அணி எதிரே வந்ததும் மூன்றாம் நாளிலேயே ஆட்டம் முடிந்துவிடுகிறது. எண்கள் பொய் சொல்கின்றனவா?

எண்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் வீரர்களின் எண்களை அப்படியே கூட்டி அணியின் பலம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு தப்பும். யாருக்கு எதிராக, எத்தனை இன்னிங்ஸில், எந்த வகை ஆட்டத்தில் என்ற மூன்றையும் கேட்டபிறகுதான் கூட்டவே வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் நான்கு அளவுகள்

1. பேட்டிங் சராசரி: எடுத்த மொத்த ரன்னை, ஆட்டமிழந்த தடவைகளால் வகுத்தால் வருவது. ஆடிய இன்னிங்ஸ்களால் வகுப்பதில்லை.
2. ஸ்ட்ரைக் ரேட்: நூறு பந்துக்கு எத்தனை ரன் என்ற கணக்கு.
3. பந்துவீச்சு சராசரி: ஒரு விக்கெட்டுக்கு எத்தனை ரன் கொடுத்தார் என்பது. குறையக் குறைய நல்லது.
4. எகானமி: ஓர் ஓவருக்கு எத்தனை ரன் கொடுத்தார் என்பது.

முதல் அளவிலேயே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மைக்கேல் பெவன் ஒருநாள் ஆட்டங்களில் 196 இன்னிங்ஸில் 6912 ரன் எடுத்தார். அதில் 67 தடவை ஆட்டமிழக்கவில்லை. ஆக 129ஆல் வகுக்கிறோம், சராசரி 53.58 வருகிறது. 196ஆல் வகுத்தால் 35 சொச்சம்தான். எது சரி? ‘இவரை அவுட் ஆக்க எவ்வளவு ரன் செலவாகும்’ என்று கேட்டால் 53.58. ‘இவர் களமிறங்கினால் அணிக்கு எவ்வளவு ரன் கிடைக்கும்’ என்று கேட்டால் 35. இரண்டும் வேறு வேறு கேள்விகள். அணியின் பலத்தைக் கணக்கிடும்போது எதைக் கேட்கிறோம் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

யாருக்கு எதிராக? 2018-19 சொல்லும் பாடம்

புதுச்சேரி முதன்முதலாக ரஞ்சிக் கோப்பையில் ஆடிய பருவம் 2018-19. பீகார், உத்தராகண்ட், சிக்கிம், மணிப்பூர், மேகாலயா, மிசோரம், நாகாலாந்து, அருணாச்சலப் பிரதேசம் ஆகியவற்றோடு சேர்த்து ஒன்பது அணிகளையும் பிளேட் என்ற தனிப் பிரிவில் போட்டார்கள். அந்த அணிகள் வெளி மாநிலத்திலிருந்து மூன்று பேர் வரை சேர்த்துக்கொள்ளலாம். புதுச்சேரிக்காக அபிஷேக் நாயர், பராஸ் டோக்ரா, பங்கஜ் சிங் ஆகியோர் வந்தார்கள்.

அந்தப் பருவத்தில் ரஞ்சி முழுவதற்கும் அதிக ரன் எடுத்தவர் யார்? மும்பையும் இல்லை, கர்நாடகாவும் இல்லை. டெல்லியிலிருந்து சிக்கிமுக்குப் போன மிலிந்த் குமார், 1331 ரன், சராசரி 121. அதிக விக்கெட்? பீகாரின் அசுதோஷ் அமன், 68 விக்கெட், சராசரி 6.48. பிஷன் சிங் பேடி 1974-75இல் எடுத்த 64 விக்கெட் சாதனை 44 ஆண்டுகள் நின்றது. அதை முறியடித்தவர் பிளேட் பிரிவு ஆட்டக்காரர்.

இந்த இரண்டு எண்களையும் அப்படியே எடுத்துக்கொண்டால் சிக்கிமும் பீகாரும் நாட்டின் தலைசிறந்த அணிகளில் இடம்பெற வேண்டும். ஆனால் பிளேட் பிரிவிலிருந்து காலிறுதிக்குப் போனது உத்தராகண்ட். அவர்களும் நாக்பூரில் விதர்பாவிடம் ஓர் இன்னிங்ஸ் 115 ரன் வித்தியாசத்தில் தோற்றார்கள். அந்த ஆண்டு கோப்பையை வென்றதும் விதர்பாதான்.

மிலிந்த் குமாரின் உழைப்பையோ அமனின் திறமையையோ இது குறைப்பதாகாது. எதிரே இருந்தவர்களில் பலருக்கு அதுதான் முதல்தர கிரிக்கெட்டின் முதல் ஆண்டு. எந்த அளவுக்கு எளிதாக இருந்தது என்பதை அளந்து கழித்துவிட்டுத்தான் அந்த எண்களை மற்றவர்களோடு ஒப்பிட வேண்டும்.

கழிப்பது எப்படி? இரண்டு படிகள்.

முதல் படி, ஒப்பீட்டு எண். ஒரு பேட்டரின் சராசரியை, அதே பிரிவில் ஆடிய எல்லா பேட்டர்களின் சராசரியால் வகுக்க வேண்டும். ஒரு பிரிவில் எல்லோருடைய சராசரியும் 20 என்றும், அதில் ஒருவர் 40 எடுக்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம். அவருடைய எண் 2. இன்னொரு பிரிவில் எல்லோருடைய சராசரியும் 32, அங்கே ஒருவர் 48 எடுக்கிறார். அவருக்கு 1.5. ரன்னை மட்டும் பார்த்தால் இரண்டாமவர் முன்னால் தெரிவார். அவரவர் பிரிவுக்குள் தனித்து நின்றவர் முதலாமவர்தான்.

இதோடு நிறுத்தினால் மறுபடி தவறு நேரும். பிரிவே பலவீனமாக இருந்தால் அதற்குள் 2 எடுப்பது சுலபம். ஆகவே இரண்டாம் படி: இரு பிரிவுகளிலும் ஆடியவர்களைத் தேடுவது. ஓர் ஆண்டு பிளேட்டிலும் மறு ஆண்டு மற்ற பெரிய அணிகள் ஆடும் எலைட் பிரிவிலும் ஆடிய பேட்டர்கள் இருபது முப்பது பேரை எடுத்து, இரு இடங்களிலும் அவர்கள் எடுத்த சராசரிகளை ஒப்பிட வேண்டும். பிளேட்டில் 50 எடுத்தவர்கள் பொதுவாக எலைட்டில் 35 எடுக்கிறார்கள் என்று வந்தால் மாற்று விகிதம் 0.7. பிளேட் ரன்னை 0.7ஆல் பெருக்கினால் எலைட் ரன்னாகும். இதில் வரும் 50, 35, 0.7 எல்லாம் விளக்கத்துக்காக நான் வைத்தவை. உண்மையான விகிதத்தைத் தரவிலிருந்து எடுக்க வேண்டும். இப்படி இரண்டு பக்கமும் ஆடியவர்கள்தான் பாலம். பாலம் இல்லாத இரண்டு லீக்குகளை எந்தக் கணக்கு நிபுணராலும் ஒப்பிட முடியாது.

சர்வதேச கிரிக்கெட் அமைப்பான ஐசிசியின் வீரர் தரவரிசை இதே எண்ணத்தில்தான் உருவானது. 1987இல் தொடங்கிய அந்த முறையில் ரன்னோடு எதிரணிப் பந்துவீச்சாளர்களின் தரமும், அந்த ஆட்டத்தில் பொதுவாக எவ்வளவு ரன் வந்தது என்பதும் சேர்த்துக் கணக்கிடப்படுகின்றன.

எத்தனை இன்னிங்ஸ்?

எனக்குத் தெரிந்து ரசிகர்களும் தேர்வாளர்களும் மிக அதிகமாக ஏமாறும் இடம் இதுதான்.

பேட்டிங்கில் ஏற்ற இறக்கம் மிகப் பெரியது. சராசரி 40 உள்ள பேட்டர் ஒவ்வொரு இன்னிங்ஸிலும் 40 எடுப்பதில்லை. 0, 7, 112, 23, 4, 81 என்றுதான் வரும். இந்த ஏற்ற இறக்கத்தின் அளவு, அதாவது திட்ட விலக்கம், பொதுவாக அவருடைய சராசரி அளவுக்கே இருக்கும். அதிலிருந்து ஒரு எளிய விதி கிடைக்கிறது: சராசரியை இன்னிங்ஸ் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால், அந்தச் சராசரி எவ்வளவு தள்ளாடும் என்று தெரிந்துவிடும்.

1. 10 இன்னிங்ஸ், சராசரி 40: தள்ளாட்டம் ஏறக்குறைய 13 ரன். உண்மைத் திறன் 27ஆகவும் இருக்கலாம், 53ஆகவும் இருக்கலாம்.
2. 25 இன்னிங்ஸ்: 8 ரன்.
3. 100 இன்னிங்ஸ்: 4 ரன்.

ரஞ்சி எலைட் பிரிவின் லீக் கட்டத்தில் ஓர் அணிக்கு ஏழு ஆட்டம். எல்லாவற்றிலும் ஆடினாலும் ஒருவருக்குப் பத்து பன்னிரண்டு இன்னிங்ஸ்தான் கிடைக்கும். ஒரே பருவத்தை வைத்து ‘இவர் 45, அவர் 35, ஆகவே இவர்தான் மேல்’ என்று சொன்னால், நாணயத்தைச் சுண்டிவிட்டுத் தீர்ப்பு சொல்வதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஒரு பருவம் சரியாகப் போகவில்லை என்று இருபது வயதுப் பையனை ஒதுக்கிவிடுவது எவ்வளவு பெரிய அநியாயம் என்று இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும்.

சரி, குறைவான தரவை வைத்து என்னதான் செய்வது? ஒவ்வொருவர் கணக்கிலும் ‘பொது ஆட்டக்காரர்’ ஒருவரின் சில இன்னிங்ஸ்களைச் சேர்த்துவிடுவது ஒரு நல்ல வழி. பிரிவின் பொதுச் சராசரி 28 என்றும், ஒவ்வொருவருக்கும் அந்தச் சராசரியில் பத்து தடவை ஆட்டமிழந்ததாகவும், அதாவது 280 ரன்னும் பத்து அவுட்டும், சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம்.

1. புதியவர்: 300 ரன், 5 தடவை அவுட். சராசரி 60. சேர்த்தபின் 580 ரன், 15 தடவை. சராசரி 38.7.
2. பழையவர்: 1800 ரன், 40 தடவை அவுட். சராசரி 45. சேர்த்தபின் 2080 ரன், 50 தடவை. சராசரி 41.6.

60க்கும் 45க்கும் இடையே இருந்த பெரிய இடைவெளி மறைந்து, வரிசையே மாறிவிட்டது. புதியவர் இன்னும் முப்பது இன்னிங்ஸ் இப்படியே ஆடினால் தானாக முன்னுக்கு வந்துவிடுவார். சேர்ப்பது பத்தா இருபதா என்பதை அந்த லீக்கின் பழைய தரவுகளை வைத்து முடிவு செய்ய வேண்டும். எதையுமே சேர்க்காமல் விடுவதைவிடப் பத்து சேர்ப்பது நிச்சயம் மேல்.

கூட்டும் முறை: நான்கு நாள் ஆட்டம் வேறு, இருபது ஓவர் வேறு

எதிரணியையும் இன்னிங்ஸ் எண்ணிக்கையையும் சரிசெய்துவிட்டோம். அப்புறம்தான் கூட்டல்.

நான்கு நாள் ஆட்டத்தில் விக்கெட்டுதான் அரிது. நேரம் ஓரளவு இருக்கிறது. ஆகவே பதினொருவரின் சராசரிகளைக் கூட்டினால் ஓர் இன்னிங்ஸின் எதிர்பார்ப்பு, கொஞ்சம் மிகையாக, கிடைக்கும். கடைசியில் ஒருவர் ஆட்டமிழக்காமல் நின்றுவிடுவதால் அந்த மிகை. உதிரி ரன் தனி.

கற்பனையாக இரண்டு அணிகள். முதல் அணியின் நட்சத்திரம் 60, மற்றவர்கள் 32, 30, 28, 28, 25, 20, 14, 10, 8, 5. கூட்டினால் 260. இரண்டாம் அணியில் அப்படி யாரும் இல்லை: 45, 40, 38, 35, 35, 30, 25, 18, 12, 9, 5. கூட்டினால் 292. பத்திரிகையில் பெயர் வருவது முதல் அணிக்கு, ஓர் இன்னிங்ஸுக்கு 32 ரன் அதிகம் எடுப்பது இரண்டாம் அணி. ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்குப் பாதி விடை இங்கேயே இருக்கிறது. ஒரு பேட்டர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் பதினோரு இடங்களில் ஒன்றைத்தான் அவரால் நிரப்ப முடியும்.

பந்துவீச்சில் அப்படி இல்லை. நல்ல பந்துவீச்சாளரிடம் கேப்டன் மறுபடி மறுபடி பந்தைக் கொடுக்கலாம். 2024 ஜனவரியில் டெல்லியில் நடந்ததைப் பாருங்கள். ஏழு தடவை ரஞ்சியை வென்ற டெல்லியை அவர்களுடைய மைதானத்திலேயே புதுச்சேரி ஒன்பது விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. டெல்லி எடுத்தது 148, பிறகு 145. மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்த வேகப்பந்து வீச்சாளர் கௌரவ் யாதவ் முதல் இன்னிங்ஸில் 49 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார், ஆட்டம் முழுவதும் சேர்த்துப் பத்து. இருபது விக்கெட்டில் பாதி ஒரே ஆளுடையது! வெளி மாநில வீரரை எடுக்கும்போது பேட்டரா, பவுலரா என்ற கேள்வி வந்தால், நான்கு நாள் ஆட்டத்துக்கு என் ஓட்டு பவுலருக்குத்தான். ரஞ்சியில் நேரடி வெற்றிக்கு 6 புள்ளி, டிராவில் முதல் இன்னிங்ஸ் முன்னிலைக்கு 3. ஆறு வேண்டும் என்றால் பெரும்பாலும் இருபது விக்கெட் எடுத்தாக வேண்டும்.

இதிலிருந்து அணிக்கு ஒற்றை எண் ஒன்று எடுக்கலாம். அணி ஒரு விக்கெட்டுக்கு எடுக்கும் ரன்னை, ஒரு விக்கெட்டுக்குக் கொடுக்கும் ரன்னால் வகுங்கள். 30 எடுத்து 24 கொடுத்தால் 1.25. ஒன்றுக்கு மேல் போகப் போகப் பலம்.

இருபது ஓவர் ஆட்டத்தில் பந்துதான் அரிது. 120 பந்துக்குள் பத்து விக்கெட்டும் விழுவது குறைவு. அதனால் ஒவ்வொரு வீரரின் எண்ணையும், அவர் சந்திக்கும் அல்லது வீசும் பந்துகளின் எடையோடு பார்க்க வேண்டும்.

1. இருபது பந்து ஆடும் தொடக்க வீரரின் ஸ்ட்ரைக் ரேட் 130இலிருந்து 150 ஆனால், அணிக்கு லாபம் 4 ரன்.
2. மூன்று பந்து ஆடும் எட்டாம் நிலை வீரர் 100இலிருந்து 160க்குப் போனாலும் லாபம் 2 ரன்கூட இல்லை.
3. நான்கு ஓவர் வீசும் ஐந்தாவது பந்துவீச்சாளரின் எகானமி 10இலிருந்து 8 ஆனால் லாபம் 8 ரன்.

மூன்றாவது வரிதான் முக்கியம். ஒருவர் நான்கு ஓவருக்கு மேல் வீச முடியாது என்பதால், சிறந்த பவுலரின் பங்கும் கடைசி பவுலரின் பங்கும் ஒரே ஐந்தில் ஒன்று. ஏலத்திலோ தேர்விலோ எல்லோர் கண்ணும் தொடக்க வீரர்மேல் இருக்க, ஆட்டம் அந்த ஐந்தாவது பவுலரின் நான்கு ஓவரில் கைநழுவிப் போகிறது. விக்கெட் எடுப்பதன் மதிப்பையும் சேர்த்தால் கணக்கு இன்னும் கொஞ்சம் சிக்கலாகும், ஆனால் திசை மாறாது.

முடிவுகளை வைத்து அளப்பது

வீரர்களின் எண்களைத் தொடாமலே அணியை அளக்கும் வழியும் உண்டு. ஐசிசி அணித் தரவரிசை அந்த வகை. ஒருநாள் ஆட்டத்தில் இரு அணிகளின் மதிப்பீடும் 40 புள்ளிக்குள் இருந்தால், வென்ற அணிக்கு எதிரணியின் மதிப்பீட்டோடு 50 கூட்டியும், தோற்ற அணிக்கு எதிரணியின் மதிப்பீட்டிலிருந்து 50 கழித்தும் தருவார்கள். 100 மதிப்பீடு உள்ள அணி 110 உள்ள அணியை வென்றால் அந்த ஆட்டத்துக்கு 160 புள்ளி, தோற்றவர்களுக்கு 50. எல்லாவற்றையும் கூட்டி ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் மதிப்பீடு. சமீபத்திய ஆட்டங்களுக்கு முழு எடை, பழையவற்றுக்குப் பாதி.

ஒரே பதினொருவர் தொடர்ந்து ஆடும் அணிக்கு இது போதும், நம்பகமும் அதிகம். ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் அணிக்கு இது பயன்படாது. புதுச்சேரிக்கு வரும் வெளி மாநில வீரர்கள் ஓரிரு பருவம் ஆடிவிட்டு வேறு மாநிலத்துக்குப் போய்விடுகிறார்கள். சென்ற ஆண்டு வெற்றிகள் சென்ற ஆண்டு அணியுடையவை. அங்கே வீரர்வாரிக் கணக்கைத் தவிர வேறு வழி இல்லை.

எண்ணுக்குள் வராதவை

ஆடுகளம் ஒன்று. அஸ்வின் எடுத்த 537 டெஸ்ட் விக்கெட்டில் 383 இந்திய மண்ணில் எடுத்தவை. வெளிநாட்டுத் தொடருக்கு அணியின் பலத்தைக் கணக்கிட்டால் அவருடைய இந்தியச் சராசரியைப் போடக் கூடாது. புதுச்சேரி அணியின் துத்திப்பட்டு மைதானத்தில் எடுத்த விக்கெட்டுகளுக்கும் இதே விதிதான். ஃபீல்டிங் இன்னொன்று: பிடித்த கேட்ச் ஸ்கோர் கார்டில் வரும், தவறவிட்டது வராது.

கடலூருக்கும் பாகூருக்கும் நடுவில்

இந்தக் கணக்கு எல்லாம் ரஞ்சி அளவில்தான் பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். கடலூரில் ஆடும் பையன் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் மாவட்ட அமைப்புக்குள் வருகிறான். எல்லைக்கு அந்தப் பக்கம் பாகூரில் ஆடுபவன் புதுச்சேரி சங்கத்துக்குள் வருகிறான். ஒருவன் தமிழ்நாடு முழுவதிலும் உள்ள போட்டியாளர்களைத் தாண்ட வேண்டும், மற்றவன் சின்ன யூனியன் பிரதேசத்துக்குள் இடம்பிடித்தால் போதும், கூடவே வெளி மாநில வீரர்களோடும் போட்டி போட வேண்டும். அங்கே 500 ரன், இங்கே 350 ரன் என்றால் யார் மேல்? அந்த இரண்டு எண்ணையும் வைத்துச் சொல்லவே முடியாது.

இரண்டு விஷயங்கள் செய்தால் சொல்ல முடியும்.

1. ஸ்கோர் புத்தகத்தை மாற்றுவது. மஞ்சக்குப்பம் மைதானத்தில் வார இறுதி ஆட்டத்துக்கு எழுதும் சாதாரண ஸ்கோர் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். பேட்டரின் பெயருக்கு எதிரே 1, 4, 2, 1 என்று ரன் வந்த பந்துகள் மட்டும் இருக்கும், கடைசியில் எப்படி அவுட் என்று இருக்கும். ரன் வராத பந்துகள் பவுலரின் கட்டத்தில் புள்ளியாக விழும், ஆனால் அந்தப் பந்தை யார் ஆடினார் என்று தெரியாது. ஆட்டம் முடிந்தபின் ஸ்ட்ரைக் ரேட்டைக் கண்டுபிடிக்கவே முடியாது. ரன் வராத பந்துக்குப் பேட்டரின் வரியிலும் ஒரு புள்ளி வைத்தால் போதும். காசு செலவே இல்லை. டென்னிஸ் பால் ஆட்டத்தையும் கார்க் பால் ஆட்டத்தையும் தனித்தனிப் புத்தகத்தில் எழுதுவதும் அவசியம். எல்லைக்கோட்டின் தூரமும் எல்பிடபிள்யூ உண்டா இல்லையா என்பதும் இரண்டிலும் வேறு.

2. பாலம் போடுவது. கடலூர் கிளப்புகளும் பாகூர், வில்லியனூர் பக்கத்துக் கிளப்புகளும், இரு சங்கங்களின் அனுமதியோடு, ஆண்டுக்கு ஒரு பத்து ஆட்டமாவது தங்களுக்குள் ஆட வேண்டும். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு இருபது சொச்சம் கிலோமீட்டர், ஒரே பஸ். இரு அணிகளிலும் பதினோரு பேர் என்றால், நான்கைந்து ஆண்டில் இரு பக்கப் பந்துவீச்சையும் சந்தித்த பேட்டர்கள் ஐம்பது அறுபது பேராவது சேர்ந்துவிடுவார்கள். மாற்று விகிதம் கண்டுபிடிக்க அது போதும். அதன்பிறகு அந்தப் பக்கத்து 500ஐயும் இந்தப் பக்கத்து 350ஐயும் ஒரே தாளில் எழுதி ஒப்பிடலாம்.